ஓய்வுநிலை மூளையும் கேட்கப்படாத சொற்களும்: இளைஞர்களின் மனச்சோர்வு ஆய்வு எங்கே தவறுகிறது?

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைக்கப்படும் ஆய்வுப் பங்கேற்பாளருக்கு, ஓய்வுநிலைப் பதிவு தொடங்குமுன் மூன்று அறிவுறுத்தல்கள் தரப்படுவது வழக்கம். அசையாமல் படுத்திருக்க வேண்டும், தூங்கிவிடக் கூடாது, குறிப்பாக எதையும் நினைக்க வேண்டாம். அடுத்த ஆறு முதல் பத்து நிமிடங்களுக்கு அவர் செய்ய வேண்டியது இவ்வளவே. மனச்சோர்வில் இருக்கும் 22 வயது இளைஞனுக்கு முதல் இரண்டும் கடினம்; மூன்றாவது ஏறத்தாழ இயலாதது. ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்து மருகுவதுதான் பல நேரங்களில் அவனுடைய நோயே.

இந்தச் சில நிமிடப் பதிவிலிருந்து மனச்சோர்வை அடையாளம் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வளர்ந்துவந்துள்ளது. இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இத்துறையில் ஆய்வேடுகள் பெருகிவருகின்றன. அந்த நம்பிக்கையின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தால், அங்கே இருப்பவை நோயாளி சொன்ன சில சொற்களே. ஒருவரை ‘மனச்சோர்வுக் குழு’விலும் மற்றவரை ‘நலமானோர் குழு’விலும் சேர்ப்பது ஒரு நேர்காணலோ ஒரு வினாப்பட்டியலோதான். அச்சொற்களைச் சரியாகக் கேட்காத ஆய்வு, எத்தனை கோடி ரூபாய்க் கருவியை வைத்திருந்தாலும், தவறான ஆளைத் தவறான குழுவில் வைத்தே அளக்கும். இளம் ஆண்களின் விஷயத்தில் இத்தவறு மிகப் பெரிது.

முதலில் ‘ஓய்வு’ என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்கைப் போடும்போதோ ஒரு பத்தியை வாசிக்கும்போதோ இந்தச் செலவு கூடுவது பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. வெளிவேலை எதுவும் இல்லாதபோதும் மூளை தன் வேலையை நிறுத்துவதில்லை. விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வாலும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் இதற்கு ஒரு புதிய சான்றை வெளியிட்டனர். கையை அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளையிலும், கை அசைவுக்குரிய இடப்பகுதியும் வலப்பகுதியும் ஒன்றோடொன்று இசைந்து மெதுவாக ஏறி இறங்குகின்றன என்பதே அச்சான்று. அதுவரை இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட அலைவுகள், பகுதிகளுக்கிடையிலான உறவின் தடயங்களாக வாசிக்கப்படத் தொடங்கின. 2001இல் மார்கஸ் ரெய்க்கிளும் அவரது குழுவினரும், ஓய்வில் இயங்கி வேலையின்போது அடங்கும் பகுதிகளை ஒரு தொகுதியாக விளக்கினர். ‘டீஃபால்ட் மோட் நெட்வொர்க்’ என்று இன்று வழங்கும் இயல்புநிலை வலையமைப்பு அதுதான். தன்னைப் பற்றி எண்ணுதல், கடந்ததை நினைத்தல், வரப்போவதைக் கற்பனை செய்தல் ஆகியவற்றோடு அது தொடர்புடையது.

மொழியியல் மாணவர்கள் இவ்வரலாற்றில் இன்னொரு ஆய்வையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே விஸ்கான்சின் கல்லூரியின் ஜெஃப்ரி பைண்டர் குழுவினர் 1999இல் ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தனர். சொற்பொருளைக் கருதிப் பார்க்கும் பணியில் இயங்கும் பகுதிகள் பல, ஓய்விலும் இயங்குகின்றன. வெறும் ஒலிகளை வேறுபடுத்தும் பணி கொடுத்தால் அவை அடங்குகின்றன. ‘சும்மா இருக்கும்’ மனிதனின் மூளையில் பொருளும் சொல்லும் நினைவும் புழங்கிக்கொண்டே இருக்கின்றன என்பதே இதிலிருந்து அவர்கள் கண்ட முடிவு. அவ்வாறெனில், ஓய்வுநிலைப் பதிவில் மொழியின் பங்கைப் புறக்கணிக்க முடியாது.

மனச்சோர்வு ஆய்வுக்குள் இக்கருத்து நுழைந்தது இயல்பே. 2005இல் ஹெலன் மேபெர்க் குழுவினர், மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுடைய 6 பேரின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, முன்மூளை நடுப்பரப்பின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு பகுதியைத் தூண்டினர். 4 பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 2007இல் மைக்கேல் கிரேசியஸ் குழுவினர் மனச்சோர்வுடைய 28 பேரையும் நலமான 20 பேரையும் ஓய்வுநிலையில் ஒப்பிட்டு, இதே பகுதி இயல்புநிலை வலையமைப்போடு மிகையாகப் பிணைந்திருப்பதாகக் கண்டனர். தன்னையே நினைத்து மருகும் நோய்க்கு, தன்னை நினைக்கும் வலையமைப்பின் மிகையிணைப்பே காரணம் என்ற கதை பிறந்தது. வகுப்பறையில் சொல்ல மிகவும் வசதியான கதை.

பெரிய தரவுகள் வந்தபோது அக்கதை தளர்ந்தது. சீனாவின் 25 ஆய்வுக் குழுக்கள் ஒன்றிணைந்து, மனச்சோர்வுடைய 1,300 பேரின் பதிவுகளையும் நலமான 1,128 பேரின் பதிவுகளையும் திரட்டி ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டன. இயல்புநிலை வலையமைப்பின் உள்ளிணைப்பு கூடியிருக்கவில்லை. நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்களிடம் குறைந்திருந்தது. முதல்முறை நோயுற்று, மருந்தே உட்கொள்ளாதவர்களிடம் வேறுபாடு தென்படவில்லை. மருந்துப் பயன்பாட்டோடு அந்தக் குறைவுக்குத் தொடர்பும் காணப்பட்டது. நோயின் முத்திரை என்று கருதப்பட்டதில் ஒரு பங்கு சிகிச்சையின் முத்திரையாக இருக்கலாம் என்ற ஐயத்தை அம்முடிவு எழுப்பியது.

2022இல் வந்த இரண்டு கட்டுரைகள் இன்னும் கடுமையானவை. ஜெர்மனியில் 1,809 பேரிடம் மூளையின் அமைப்பையும் செயல்பாட்டையும் பல வழிகளில் அளந்த குழு, நோயுற்றோரின் அளவுகளும் நலமானோரின் அளவுகளும் 87 முதல் 95 விழுக்காடு வரை ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பதைக் காட்டியது. மிகச் சிறந்த தனி அளவுகளைக் கொண்டு ஒருவரை இரு குழுக்களில் ஒன்றில் சேர்க்க முயன்றால் 54 முதல் 56 விழுக்காடே சரியாக அமைகிறது. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். அதே ஆண்டு ஸ்காட் மாரெக்கும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து, மூளைப் படத்தையும் மனநலப் பண்புகளையும் இணைத்துப் பேசும் முடிவுகள் நிலைபெற ஆயிரக்கணக்கானோர் தேவை என்றனர். அத்துறையில் வழக்கமான மாதிரியின் நடு அளவோ ஏறத்தாழ 25 பேர்.

இவற்றோடு அன்றாடச் சிக்கல்களும் உண்டு. தலை சற்று அசைந்தாலே இல்லாத இணைப்பு இருப்பதுபோல் தோன்றும். ஓய்வுநிலைப் பதிவு தொடங்கிய மூன்று நிமிடங்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உறக்கத்துக்குள் நழுவுவதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உறக்கக் கோளாறு மனச்சோர்வின் முதன்மை அறிகுறிகளில் ஒன்று. இரவெல்லாம் விழித்திருந்தவன் கருவிக்குள் கண்ணயர்ந்தால், பதிவாவது மனச்சோர்வா, தூக்கமா?

எம்.ஆர்.ஐ. வசதி இல்லாத கல்லூரிகளில் இதே வேலை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. மூலம் நடக்கிறது. பொதுவில் கிடைக்கும் ஒரு தரவுத்தொகுப்பைத் தரவிறக்கி, இயந்திரக் கற்றலைப் பூட்டி, 95 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் என்று அறிவிக்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. சீனாவின் லான்ஜோ பல்கலைக்கழகம் வெளியிட்ட, பலரும் பயன்படுத்தும் தொகுப்பில் 128 மின்முனைப் பதிவுக்கு உள்ளவர்கள் 53 பேர். அவர்களுள் மனச்சோர்வுடையோர் 24 பேர். ஒவ்வொருவரின் பதிவையும் சில நொடித் துண்டுகளாக வெட்டினால் 53 பேர் ஆயிரக்கணக்கான ‘மாதிரிகள்’ ஆகிவிடுவர். ஒரே ஆளின் சில துண்டுகள் பயிற்சியிலும் வேறு சில துண்டுகள் சோதனையிலும் இடம்பெற்றால், கணினி கற்றுக்கொள்வது நோயை அன்று, ஆளை. கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்ட மாணவன் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் அந்தத் துல்லியத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இவையெல்லாம் அளவியல் குறைகள். கூடுதல் ஆள்களும் கண்டிப்பான நெறிமுறையும் இவற்றைக் காலப்போக்கில் சரிசெய்துவிடலாம். ஆயினும் ஆள்களைக் கூட்டினாலும் தீராத ஒரு குறை எஞ்சுகிறது.

இத்துறையில் இளம் ஆண்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகளுக்கு ஒரு வழக்கமான நியாயம் சொல்லப்படும். மாதவிடாய்ச் சுழற்சியால் வரும் ஹார்மோன் மாறுபாடு இருக்காது. முதுமையின் மாற்றங்களும் இருக்கமாட்டா. எனவே மாதிரி சீராக இருக்கும். சீர்மை வேண்டி மேலும் ஒரு விதி சேர்க்கப்படும்: மது அல்லது போதைப்பொருள் சார்பு உள்ளவர்கள் விலக்கப்படுவர். காகிதத்தில் குற்றம் காண முடியாத விதி இது. அதன் விளைவு என்னவென்றால், இளம் ஆண்களின் மனச்சோர்வு எந்த உருவில் அதிகம் வெளிப்படுகிறதோ அந்த உருவம் ஆய்வகத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

ஸ்வீடனின் காட்லாண்ட் தீவில் 1980களின் தொடக்கத்தில் நடந்தது இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. மனச்சோர்வை அடையாளம் காண்பதில் தீவின் பொது மருத்துவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. தற்கொலைகள் குறைந்தன; குறைந்தது பெண்களிடையே மட்டுமே. ஆண்கள் மருத்துவரிடம் வரவில்லை. வந்தவர்களும் துயரத்தைத் துயரமாகச் சொல்லவில்லை. எரிச்சல், சினம், குடி, கண்மண் தெரியாத துணிச்சல் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு தனி வினாப்பட்டியல் ஆண்களுக்காக அதன்பின் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 5,692 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஒரு கட்டுரையும் இதையொட்டியதே. வழக்கமான அறிகுறிகளோடு சினம், போதை, ஆபத்தை நாடுதல் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், மனச்சோர்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வழக்கமாகக் காணப்படும் இடைவெளி ஏறத்தாழ மறைந்துவிடுவதாக அக்கட்டுரை கூறியது.

உலகெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலில் சினம் பற்றியோ குடி பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மட்டும் சோக மனநிலைக்குப் பதிலாக எரிச்சல் மனநிலையை ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பள்ளி மாணவனாக இருந்தபோது நோயின் அறிகுறியாக எண்ணப்பட்ட அதே எரிச்சல், அவன் கல்லூரியை முடிக்கும்போது குணக்கேடு என்று பெயர் மாறிவிடுகிறது.

இந்தியாவில் இதன் விலை என்ன? பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் 34,802 பெரியவர்களிடம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடமே சற்று அதிகம் என்று கண்டறியப்பட்டது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி அவர்களுள் 71.8 விழுக்காட்டினர் ஆண்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். எல்லாத் தற்கொலைகளையும் மனச்சோர்வின் கணக்கில் எழுத முடியாது. கடன், வேலையின்மை, குடும்பச் சிக்கல், சாதியக் கொடுமை, நோய் என்று காரணங்கள் பல. பெண்களின் துயரத்தைச் சிறிதாக்கவும் இவ்வெண்கள் உதவமாட்டா. ஆனாலும் மனச்சோர்வுப் பட்டியலில் குறைவாகவும் மரணப் பட்டியலில் மிகுதியாகவும் ஆண்கள் இருப்பது, கேட்கும் முறையை மறுபரிசீலனை செய்யப் போதுமான காரணம்.

கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களை மையமாகக் கொண்டு நடந்து, 2017இல் முடிவுகள் வெளியான இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று மனச்சோர்வுக்கான ஆலோசனை. பங்கேற்ற 495 பேரில் பெரும்பான்மையர் பெண்கள். மற்றொன்று தீங்கு தரும் மதுப்பழக்கத்துக்கான ஆலோசனை. பங்கேற்ற 377 பேரும் ஆண்கள். ஒரே நிலையங்களின் வாசலில் துயரம் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து நின்றது. இரண்டாவது வரிசையில் நின்றவர்களுள் எத்தனை பேர் முதல் வரிசைக்கும் உரியவர்கள் என்பதை எந்த மூளைப் படமும் தானாகச் சொல்லாது. அதற்கு அவர்களிடம் பேச வேண்டும்.

பேசுவது எம்மொழியில், எச்சொற்களால் என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலத்தில் ‘டிப்ரஷன்’, ‘ஸ்ட்ரெஸ்’ என இரு வேறு சொற்களாக உள்ளவற்றைத் தமிழ் இதழ்கள் பலவும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. ‘மனச்சோர்வு’ கலைச்சொல்லாக நிலைத்தாலும் பேச்சில் அரிது. இந்தியில் ‘அவசாத்’ என்பது ஏட்டுச் சொல். மக்கள் நாவில் இருப்பது ‘மன் நஹீன் லக்தா’, அதாவது எதிலும் மனம் ஒட்டவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே சொல் ‘டென்ஷன்’. அது தேர்வுக் கவலையையும் குறிக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையும் மறைக்கும். உளவியலார் ‘ரூமினேஷன்’ என்பதை ‘அசைபோடுதல்’ என்று தமிழாக்குவது உருவகத்தளவில் மிகப் பொருத்தம். ஆனால் தமிழில் அசைபோடப்படுபவை பெரும்பாலும் இனிய பழைய நினைவுகள். நோயாளி செய்வது அதுவன்று. அவன் மருகுகிறான், குமைகிறான், மனத்துக்குள்ளேயே புழுங்குகிறான். ‘அடிக்கடி பழையவற்றை அசைபோடுவதுண்டா?’ என்று கேட்டால் நலமானவர்கள்தான் மகிழ்ச்சியோடு ‘ஆம்’ என்பார்கள்.

சொல் மட்டுமின்றி இலக்கணமும் குறுக்கிடும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளை ஆராய்ந்த 2004ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மனச்சோர்வுடையோர் தன்மை ஒருமைச் சொல்லை அதிகம் பயன்படுத்துவதாகக் கண்டது. ‘ஐ’ என்பதை எண்ணி நோயை அளக்கும் மென்பொருள்களுக்கு அது ஊக்கமளித்தது. தமிழில் இக்கணக்கு எப்படிச் செல்லும்? ‘போனேன், வந்தேன், படுத்தேன்’ என்பதில் ‘நான்’ எங்கும் இல்லை; வினைமுற்றின் விகுதியில் அது ஒடுங்கியிருக்கிறது. ‘தூக்கமே இல்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை’ என்பதில் விகுதியும் இல்லை. துன்பத்தைச் சொல்லும்போது தமிழ் மட்டுமின்றி இந்திய மொழிகள் பலவும் நான்காம் வேற்றுமையை நாடுகின்றன: ‘எனக்குப் பயமாக இருக்கிறது’. அங்கே துன்பப்படுபவர் எழுவாயாக நிற்பதில்லை. இவ்வமைப்பு நோய் அனுபவத்தையே மாற்றுகிறது என்று துணிந்துகூற இடமில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கு வார்க்கப்பட்ட அளவுகோலை அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இது போதும்.

கேட்கும் முறை மாறினால் கிடைக்கும் விடையும் மாறும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ராகுராம், மிட்செல் வைஸ் உள்ளிட்டோர் நிம்ஹான்ஸில் 80 நோயாளிகளிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்தவர்களிடம் சமூக இழுக்கு பற்றிய அச்சமும் மிகுந்திருந்தது. உடல் உபாதைகளை முன்வைத்தவர்களிடம் அது குறைந்திருந்தது. தலைவலியும் உடல்வலியும் எல்லாருக்கும் வருபவை. மனக்கவலை என்றால் ஊர் பேசும். ஜிம்பாப்வேயில் பணியாற்றிய விக்ரம் பட்டேலும் உடன் ஆய்வாளர்களும் 1990களில், வெளியிலிருந்து வந்த வினாப்பட்டியலை மொழிபெயர்ப்பதோடு நிற்கவில்லை. ஷோனா மக்கள் துன்பத்தைச் சொல்லும் தொடர்களைத் திரட்டி, 14 கேள்விகள் கொண்ட பட்டியலை அமைத்தனர். அவற்றுள் முதன்மையானது ‘குஃபுங்கிசிசா’, அதாவது மிகையாக யோசித்தல். ஓய்வுநிலைக் கருவிக்குள் ஆய்வாளர்கள் தேடுவதும் ஏறத்தாழ அதையேதான். ஷோனா மொழியில் அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், அது நியாயமானதே. ஓய்வுநிலைப் பதிவு பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவரின் மூளையில் காந்தத் தூண்டலை எந்த இடத்தில் செலுத்த வேண்டும் என்பதை, அவருடைய ஓய்வுநிலை இணைப்புகளைக் கொண்டு தீர்மானிக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சிகிச்சைமுறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் அனுமதி அளித்தது. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு அது மெய்யான நம்பிக்கை. ஆனால் அங்கும் ‘இவருக்கு மனச்சோர்வு உள்ளதா?’ என்று கருவியிடம் கேட்கப்படுவதில்லை. அதை மருத்துவர் பேசி அறிந்தபின், ‘எங்கே தூண்டுவது?’ என்று மட்டுமே கேட்கப்படுகிறது. கருவிக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கருவியிடம் கேட்பதே அறிவியல்.

ஆகவே இந்திய ஆய்வாளர்கள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. இளம் ஆண்களைப் பற்றிய ஆய்வு எனில், சினத்தையும் குடியையும் விலக்கும் விதிகளாக மட்டும் வைக்காமல், அளக்கவேண்டிய மாறிகளாகவும் கொள்ள வேண்டும். நேர்காணல் எம்மொழியில் நடந்தது, வினாப்பட்டியலைப் பங்கேற்பாளர் தாமே படித்தாரா, பிறர் படித்துக் காட்டினரா, எந்த மொழிபெயர்ப்பு பயன்பட்டது என்பவற்றை மாதிரியின் வயதைப் போலவே கட்டாயமாக எழுத வேண்டும். பதிவு முடிந்து வெளியே வந்தவரிடம், ‘உள்ளே இருந்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? தூங்கினீர்களா?’ என்று அவர் மொழியில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பத்து நிமிடங்களே தேவை. இயந்திரக் கற்றல் ஆய்வேடுகளில் ஒரே ஆளின் பதிவு பயிற்சி, சோதனை இரண்டிலும் இடம்பெறவில்லை என்பதை வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் உறுதிசெய்ய வேண்டும். ‘வேறுபாடு எதுவும் தென்படவில்லை’ என்ற முடிவையும் ஆய்வேடாக ஏற்க வேண்டும். மொழியியல் துறையும் உளமருத்துவத் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் சந்திக்காத நிலை மாற வேண்டும். துயரத்தைக் குறிக்கும் சொற்களை வட்டாரம், சாதி, வகுப்பு, பால் வாரியாகத் திரட்டுவது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தகுந்த பொருள்.

கோவாவின் மனச்சோர்வு ஆய்வில் ஆலோசனை தந்தவர்கள் உளமருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் மனிதர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினர். மூன்று மாதங்களுக்குப் பின் நோய் தணிந்தோர் அக்குழுவில் 64 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 39 விழுக்காடு. கேட்பதும் பேசுவதும் அளந்து நிறுவத்தக்க சிகிச்சை என்பதை அவ்வெண்கள் காட்டுகின்றன.

ஆய்வகத்துக்கு வராத, விடுதி அறையில் படுத்திருக்கும் மாணவனும் இப்போது ஓய்வுநிலையில்தான் இருக்கிறான். அவன் சிடுசிடுப்பது அண்மையில் கூடியிருக்கலாம், குடி கூடியிருக்கலாம், வகுப்புக்கு வருவது நின்றிருக்கலாம். ‘என்னடா, ஒரு மாதிரி இருக்கே?’ என்று அவன் மொழியில் கேட்க ஒரு நண்பனோ ஆசிரியரோ போதும். அவன் பேச முன்வந்தால், ஒன்றிய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 கட்டணமின்றி, தமிழ் உட்பட 20 மொழிகளில் இயங்குகிறது என்பதையும் சொல்லலாம்.